இரண்டாம் மொழி வகுப்பில் கருவியும் செயற்பணியும்

0. முன்னுரை

மொழி கற்பித்தலில் புதிய கருவி ஒன்று வகுப்பறைக்குள் வரும்போதெல்லாம் ஓர் எதிர்பார்ப்பும் அதனுடன் வருகிறது. மாணவர் சோர்வின்றிக் கற்பர், ஆசிரியரின் சுமை குறையும், பேச்சுத்திறன் விரைவில் கைவரும் என்பதே அவ்வெதிர்பார்ப்பு. ஒலிப்பதிவுக் கருவி, வானொலி, தொலைக்காட்சி, கணிப்பொறி, கைப்பேசி ஆகிய ஒவ்வொன்றும் இத்தகைய எதிர்பார்ப்புடனேயே வரவேற்கப்பட்டது. புதுமை தேய்ந்ததும் கருவி பூட்டிய அறையில் கிடப்பதும் வகுப்பு பழைய முறைக்கே திரும்புவதும் கல்வித்துறையினர் நன்கறிந்த நிலையாகும்.

இந்நிலைக்குக் கருவியின் பழுதையோ ஆசிரியரின் ஆர்வமின்மையையோ மட்டும் காரணமாகக் கூறுவது பொருந்தாது. கற்கும் மொழியை மாணவர் எதன்பொருட்டுக் கையாள வேண்டும் என்னும் வினாவுக்கு விடை காணாமலே கருவி புகுத்தப்படுவது முதன்மையான காரணம் எனலாம். மாணவரின் ஈடுபாடு கருவியிலிருந்து பிறப்பதன்று. மொழியைப் புரிந்துகொண்டாலன்றி முடிக்க இயலாத ஒரு செயற்பணியிலிருந்து பிறப்பது. அச்செயற்பணிக்குத் துணை நிற்கும்போதே கருவி பயன் தருகிறது. தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் சூழலை மையமாகக் கொண்டு இக்கருத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

இந்தியச் சூழலில் இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969இல் மைசூரில் தொடங்கப்பெற்றது. அதன் மண்டல மொழி மையங்கள் 1970 முதல், பணியிலுள்ள பள்ளி ஆசிரியர்களுக்கு அவர்தம் தாய்மொழியல்லாத இந்திய மொழி ஒன்றைப் பத்து மாதங்களில் கற்பித்து வந்துள்ளன. பயிற்சி பெற்ற ஆசிரியர் தம் மாநிலத்துக்குத் திரும்பி அம்மொழியைத் தம் மாணவர்களுக்குக் கற்பிக்க வேண்டும் என்பது இத்திட்டத்தின் நோக்கம். தமிழைக் கற்றுச் செல்லும் ஆசிரியர் ஒருவர், தமிழ் ஒலி அன்றாடம் காதில் விழாத ஊரில், ஐம்பது மாணவர் அமர்ந்துள்ள வகுப்பில் நிற்கிறார். அவர் தம்முடன் எடுத்துச் செல்லக்கூடியது எது என்பதைப் பொறுத்தே அவ்வகுப்பில் தமிழ் நிலைபெறுவதும் பெறாததும் அமையும்.

1. மொழிப் பயிற்சிக்கூடம்: எதிர்பார்ப்பும் விளைவும்

இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கப் படையினருக்கு அயல்மொழிகளைக் குறுகிய காலத்தில் கற்பிக்க 1943இல் தனித்திட்டம் ஒன்று மேற்கொள்ளப்பட்டது. மொழியியலார் அதில் முனைந்து பங்கேற்றனர். அப்பட்டறிவும் அமைப்பு மொழியியலும் நடத்தையியல் உளவியலும் இணைந்து பின்னர்க் கேட்டல்-பேசல் முறையாக உருப்பெற்றன. மொழி என்பது பழக்கங்களின் தொகுதி, பழக்கம் என்பது திரும்பத் திரும்பச் செய்வதால் படிவது என்பன இம்முறையின் அடிப்படைகள். 1957 அக்டோபரில் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியதைத் தொடர்ந்து, அமெரிக்காவில் 1958இல் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் நிறைவேறிற்று. அச்சட்டம் வழங்கிய நிதியால் அந்நாட்டுப் பள்ளிகளில் மொழிப் பயிற்சிக்கூடங்கள் பெருகின.

பயிற்சிக்கூடத்தில் ஒவ்வொரு மாணவரும் தடுப்புக்குள் அமர்ந்து காதொலிப்பானை அணிந்துகொள்வார். ஒலிநாடா ஒரு தூண்டலைத் தரும்; மாணவர் விடை கூறுவார்; நாடா சரியான விடையைத் தரும்; மாணவர் அதனைத் திரும்பக் கூறுவார். ஓர் ஆசிரியரால் நாற்பது மாணவரை ஒரே வேளையில் பேசவைக்க இயலாது, கருவியால் இயலும். இவ்வகையில் பயிற்சிக்கூடத்தின் நோக்கம் நியாயமானதே.

ஆயினும் விளைவு எதிர்பார்த்தவாறு அமையவில்லை. பென்சில்வேனியா மாநிலப் பள்ளிகளில் 1965இல் தொடங்கிய பெரிய அளவிலான ஆய்வு, பிரெஞ்சு, ஜெர்மன் மொழி வகுப்புகளில் வெவ்வேறு கற்பித்தல் முறைகளையும் பயிற்சிக்கூடப் பயன்பாட்டையும் ஒப்பிட்டது. வாரத்துக்கு இருமுறை பயிற்சிக்கூடத்தைப் பயன்படுத்தியதால் குறிப்பிடத்தக்க மேம்பாடு எதுவும் புலப்படவில்லை என்பது அதன் முடிவுகளுள் ஒன்று. ஆய்வின் வடிவமைப்புக் குறித்து மொழிக் கல்வியாளரிடையே கடுமையான விவாதம் எழுந்தது. எனினும் கருவி இருப்பதனாலேயே கற்றல் நிகழும் என்னும் நம்பிக்கை அதன்பின் முன்போல் நிற்கவில்லை.

இதற்கான காரணத்தைப் பயிற்சியின் அமைப்பிலேயே காணலாம். தமிழில் ஒரு பதிலீட்டுப் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். ‘நான் பள்ளிக்குப் போகிறேன்’ என்பது மாதிரித் தொடர். ‘கடை’ என்று நாடா ஒலித்தால் ‘நான் கடைக்குப் போகிறேன்’ என்றும், ‘ஊர்’ என்று ஒலித்தால் ‘நான் ஊருக்குப் போகிறேன்’ என்றும் மாணவர் கூற வேண்டும். இப்போது ‘தோக்கு’ என்னும் பொருளற்ற சொல்லை நாடா ஒலித்தாலும் ‘நான் தோக்குக்குப் போகிறேன்’ என்று அவர் தயங்காமல் கூறிவிடுவார். விடை இலக்கணப்படி சரியானது. ஆனால் பொருள் எங்கும் தேவைப்படவில்லை. பொருள் தேவைப்படாத இடத்தில் கவனமும் தேவைப்படுவதில்லை. வாய் இயங்குகிறது, மனம் வேறிடத்தில் இருக்கிறது. கருவியின் ஒலித்தரத்தை எவ்வளவு உயர்த்தினாலும் இக்குறை நீங்காது.

2. கருவியற்ற வகுப்பு: பெங்களூர்த் திட்டம்

இதற்கு மறுதலையான சான்று தென்னிந்தியாவிலேயே கிடைக்கிறது. 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு தலைமையில் பெங்களூரிலும் சென்னையிலும் வேறு சில ஊர்களிலும் உள்ள பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கும் முயற்சி ஒன்று நடைபெற்றது. பெங்களூர்த் திட்டம் என அறியப்படும் இதன் பட்டறிவைப் பிரபு 1987இல் நூலாக வெளியிட்டார். மொழிக்கல்வி வரலாற்றில் செயற்பணிவழிக் கற்பித்தலின் தொடக்க முயற்சிகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது.

இவ்வகுப்புகளில் கரும்பலகை, சுண்ணக்கட்டி, தாள் ஆகியவற்றுக்கு மேற்பட்ட கருவி ஏதுமில்லை. மாணவர் எண்ணிக்கையும் மிகுதி. பாடத்திட்டத்தில் இலக்கண வரிசையோ சொற்பட்டியலோ வகுக்கப்படவில்லை. தொடர்வண்டிக் கால அட்டவணை, ஊர் வரைபடம், நாட்காட்டி, பள்ளிப் பாடவேளை அட்டவணை போன்றவற்றைக் கொண்டு மாணவர் தீர்க்க வேண்டிய சிக்கல்கள் வகுக்கப்பட்டன. முதலில் ஆசிரியர் ஒரு சிக்கலை வகுப்பு முழுவதுடனும் வினாவிடையாகப் பேசித் தீர்ப்பார், இது முன்பணி. பின்னர் அதனையொத்த வேறொரு சிக்கலை ஒவ்வொரு மாணவரும் தனித்துத் தீர்ப்பார், இது பணி.

பிரபு இச்செயற்பணிகளை மூன்றாகப் பகுத்தார். ஒருவரிடம் உள்ள தகவல் மற்றொருவரிடம் இல்லாமையால் எழுவது தகவல் இடைவெளி. தரப்பட்ட தகவலிலிருந்து தராத ஒன்றை உய்த்துணர வேண்டியிருப்பது காரண இடைவெளி. சொந்தக் கருத்தையோ விருப்பத்தையோ வெளியிட வேண்டியிருப்பது கருத்து இடைவெளி. இவற்றுள் காரண இடைவெளியே தொடக்கநிலை வகுப்புக்கு மிகவும் ஏற்றது என்பது திட்டத்தின் முடிவு. செயற்பணியின் கடினத்தை அளக்கவும் எளிய அளவுகோல் ஒன்று பின்பற்றப்பட்டது. வகுப்பில் பாதிப்பேராவது பணியில் பாதியையாவது சரியாகச் செய்தால் அது பொருத்தமான கடினம் உடையது. எல்லாரும் எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிடும் பணியில் அறைகூவல் இல்லை.

இத்திட்டத்தை மதிப்பிட்டு பெரெட்டாவும் டேவிசும் 1985இல் வெளியிட்ட ஆய்வு, பொருளில் கவனம் செலுத்துவதன் வழியே இலக்கணமும் உருப்பெறக்கூடும் என்னும் கருத்துக்கு ஓரளவு ஆதரவு தந்தது. ஒப்பிடப்பட்ட வகுப்புகள் குலுக்கல் முறையில் அமைக்கப்பட்டவை அல்ல என்பதால் இம்முடிவை அளவோடு கொள்ள வேண்டும். எனினும், விலையுயர்ந்த கருவியுள்ள வகுப்பில் மனம் உறங்குவதும் சுண்ணக்கட்டி மட்டுமே உள்ள வகுப்பில் மனம் விழித்திருப்பதும் கூடும் என்பதை இவ்விரு வரலாறுகளும் சேர்ந்து உணர்த்துகின்றன.

3. ஈடுபாட்டின் கூறுகள்

மேற்கண்டவற்றிலிருந்து, மாணவரை ஈர்க்கும் மொழிச் செயற்பணிக்கு மூன்று கூறுகள் இன்றியமையாதவை எனக் கொள்ளலாம். முதலாவது, பணி தொடங்கும்போது விடை மாணவருக்குத் தெரியாதிருக்க வேண்டும். இரண்டாவது, கற்பிக்கக் கருதிய மொழிக்கூறைப் பிரித்தறியாமல் விடையை அடைய இயலாதிருக்க வேண்டும். மூன்றாவது, விடை சரியா தவறா என்பது ஆசிரியரின் சொல்லால் மட்டுமன்றிப் பணியின் விளைவாலேயே புலப்பட வேண்டும். பதிலீட்டுப் பயிற்சியில் முதலிரண்டும் இல்லை. பெங்களூர்த் திட்டத்தின் பணிகளில் முதலாவதும் மூன்றாவதும் உண்டு. குறிப்பிட்ட மொழிக்கூறைக் கருதாமையால் இரண்டாவது வேண்டுமென்றே விலக்கப்பட்டது. தாய்மொழியில் இல்லாத நுண்ணிய வேறுபாடுகளைக் கற்க வேண்டிய தமிழ் மாணவருக்கு இரண்டாவது கூறும் தேவை.

கருவி இம்மூன்றுக்கும் துணையாகலாம். பல ஊர், பல அகவையினரின் குரல்களை வகுப்புக்குள் கொணர்தல், ஒரே பேச்சை மாறாமல் மீண்டும் கேட்கச் செய்தல், மாணவரின் பேச்சைச் சேமித்து அவருக்கே காட்டுதல், பெருந்திரளான மொழித்தரவைத் தேடித்தருதல் ஆகியன ஆசிரியரால் தனித்துச் செய்ய இயலாதவை. கருவியின் உரிய இடம் இதுவே.

அகமதாபாத்திலுள்ள இந்திய மேலாண்மை நிறுவனத்தைச் சேர்ந்த பிரிஜ் கோத்தாரி 1996இல் தொடங்கிய ஒருமொழி வசன வரி முயற்சி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. திரைப்படப் பாடல் ஒலிக்கும்போது அதே மொழியில் பாடல் வரிகள் திரையின் அடியில் தோன்றும். பாடப்படும் சொல் நிறம் மாறிக் காட்டும். 1999இல் தூர்தர்ஷனின் குஜராத்திப் பாடல் நிகழ்ச்சியில் இது இடம்பெற்றது. பாடலை முன்பே அறிந்தவர் அடுத்த சொல்லை எதிர்பார்க்கிறார். எதிர்பார்த்த சொல் எழுத்துருவில் தோன்றும்போது ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள தொடர்பு உறுதிப்படுகிறது. இங்குத் தொலைக்காட்சி புதிதன்று. எதிர்பார்ப்பும் சரிபார்ப்பும் அமைந்த முறையே புதிது.

4. தமிழ் கற்பித்தலில் பயன்பாடு

4.1. ஒலிகளை இனங்காணல்

‘ல, ள, ழ’ வேறுபாடு தமிழ் கற்போர் பலருக்கும் கடினமானது. ஆயினும் எல்லாருக்கும் ஒரே அளவில் கடினமன்று. மலையாளம் பேசுவோருக்கு மூன்றும் பழக்கமானவை. கன்னடம், தெலுங்கு, மராத்தி, ஒடியா பேசுவோருக்கு ளகரம் உண்டு, ழகரம் புதிது. பொது இந்தி பேசுவோருக்கு இரண்டுமே புதியவை. ஆகவே ஒரே ஒலிப்பதிவை எல்லாருக்கும் போடுவதால் சிலருக்குச் சலிப்பும் சிலருக்குத் திகைப்பும் விளையும்.

‘மலை, மழை’ எனச் சொல்லிணைகளை நூறுமுறை திரும்பக் கூறச் செய்வதைவிட, தேர்வு செய்ய வேண்டிய நிலையை உருவாக்குவது பயனுடையது. ‘தூரத்தில் மலை தெரிகிறது; மெதுவாக வாருங்கள்’, ‘தூரத்தில் மழை தெரிகிறது; மெதுவாக வாருங்கள்’ என்னும் இரு செய்திகளுள் ஒன்றை மட்டும் ஒலிக்கச் செய்து, பயணம் செல்வோர் எந்தப் படத்திலுள்ள இடத்தில் இருக்கின்றனர் எனக் குறிக்கச் சொல்லலாம். இரு சொல்லும் தொடருக்குப் பொருந்துவதால் சூழலைக் கொண்டு ஊகிக்க வழியில்லை. ஒலியைப் பிரித்தறிந்தாலன்றி விடை இல்லை. ‘வலி, வழி’, ‘புலி, புளி’, ‘பல்லி, பள்ளி’ போன்ற இணைகளுக்கும் இவ்வாறே பணிகள் அமைக்கலாம்.

இவ்விடத்து மொழியியலாரின் உதவி இன்றியமையாதது. ‘ர, ற’ வேறுபாட்டை எழுத்தில் காட்டும் ‘கரி, கறி’ போன்ற இணைகளைப் பெரும்பாலான தமிழர் பேச்சில் வேறுபடுத்துவதில்லை. பேசுவோரிடம் இல்லாத வேறுபாட்டைச் செவியால் கண்டறியுமாறு மாணவரைப் பணிப்பது வீண். ழகரத்தை ளகரமாக ஒலிக்கும் வட்டாரங்களும் உண்டு. எந்த வேறுபாடு செவிக்குரியது, எது எழுத்துக்குரியது என்பதை முடிவு செய்த பின்னரே ஒலிப்பதிவு தொடங்க வேண்டும்.

இன்றைய கைப்பேசிகளில் உள்ள பேச்சறி மென்பொருளைப் பயன்படுத்தும்போதும் இவ்விழிப்பு வேண்டும். இம்மென்பொருள்கள் ஒலியை மட்டுமன்றி அருகிலுள்ள சொற்களையும் கருத்திற்கொண்டு எழுதுபவை. ‘பலம் சாப்பிட்டேன்’ என்று மாணவர் ஒலித்தாலும் பொறி ‘பழம் சாப்பிட்டேன்’ என்று எழுதிவிடக்கூடும். மாணவர் தம் ஒலிப்புச் சரி என நம்பிவிடுவார். தனிச்சொற்களையோ இரு பொருளுக்கும் இடந்தரும் தொடர்களையோ கொடுத்துச் சோதிப்பதே இதற்குத் தீர்வு.

4.2. வல்லெழுத்தும் ஒலிப்பும்

இந்தி பேசும் மாணவருக்குத் தமிழ் வல்லெழுத்துகளில் உள்ள சிக்கல் வேறுவகையானது. ஒலிப்புடை ஒலியும் ஒலிப்பிலா ஒலியும் அவர் மொழியில் தனித்தனி ஒலியன்கள். அவற்றை ஒலிப்பதில் அவருக்குத் தடையில்லை. ஒரே எழுத்தை எவ்விடத்து எவ்வாறு ஒலிப்பது என்பதே அவருக்குத் தெரியாதது. எனவே அவருக்கு வேண்டியது ஒலிப்புப் பயிற்சியன்று. விதியைக் கண்டறியும் பயிற்சி.

‘கல், பக்கம், தங்கம், மகன், பட்டம், தம்பி, படம்’ போன்ற சொற்களை எழுத்துருவுடன் கேட்கச் செய்து, ஒலிப்பை வகைப்படுத்தி விதியைத் தாமே கூறச் செய்யலாம். சொல் முதலிலும் இரட்டிக்கும்போதும் ஒலிப்பிலா ஒலியும், மெல்லினத்தை அடுத்து ஒலிப்புடை ஒலியும், உயிர்களுக்கிடையே நெகிழ்ந்த ஒலியும் வருதலை அவர்கள் கண்டுகொள்வர். அடுத்துப் புதிய சொற்களின் ஒலிப்பை முன்கூட்டியே எழுதச் செய்து, அதன்பின் ஒலிப்பதிவைக் கேட்கச் செய்ய வேண்டும். இவ்வரிசை முக்கியமானது. முதலில் கேட்டுப் பின் கூறினால் ஒலிப்பதிவு பின்பற்றத்தக்க மாதிரியாகிறது. முதலில் கூறிப் பின் கேட்டால் அதுவே தீர்ப்பாகிறது. அதே கருவி, அதே பதிவு. ஆனால் மாணவரின் கவனம் முற்றிலும் வேறு. விதிக்கு அடங்காத ‘பஸ்’ போன்ற கடன்சொற்களை இறுதியில் ஒலிக்கச் செய்தால், விதியின் எல்லையைப் பற்றிய உரையாடல் தானே எழும்.

4.3. இரட்டை வழக்கு

எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் பயன்பாட்டுச் சூழலால் வேறுபட்டு நிற்பது தமிழ்க் கற்பித்தலின் நீண்டநாட் சிக்கல். பாடநூல் உரையாடல்களை எழுத்து வழக்கிலேயே ஒலிப்பதிவு செய்து கேட்கச் செய்தால், எவரும் பேசாத ஒரு பேச்சை மாணவர் கற்கிறார். பேச்சு வழக்கை மட்டும் கற்பித்தால் அவரால் செய்தித்தாளைப் படிக்க இயலாது.

இவ்விரண்டும் ஒருங்கே வேண்டப்படும் பணியை ஒலிப்பதிவின் துணையால் எளிதில் அமைக்கலாம். ‘வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு வந்து சேர்கிறேன்’ எனக் கடிதத்தில் உள்ளது. தொலைபேசியில், ‘வெள்ளிக்கெழம சாயங்காலந்தான் வர்றேன், வண்டி கெடைக்கல’ என்று அதே மனிதர் கூறுகிறார். எது மாறியது, ஏன் மாறியது என்பதைக் கண்டுபிடித்து, விடுதி அறிவிப்புப் பலகைக்கு உரிய அறிவிப்பை மாணவர் எழுத வேண்டும். கேட்டது பேச்சு வழக்கு. படித்ததும் எழுதுவதும் எழுத்து வழக்கு. ஒவ்வொரு வழக்கும் அதற்குரிய இடத்தில் நிற்கிறது. இரண்டுக்கும் உள்ள உருபனியல் தொடர்பை விளக்க ஆசிரியர் முற்படும்போது, விளக்கம் மாணவருக்கு அப்போதுதான் தேவைப்படுகிறது.

4.4. ‘நாம்’, ‘நாங்கள்’

தெலுங்கு, மலையாளம், மராத்தி, குஜராத்தி ஆகியவற்றில் முன்னிலையாரை உளப்படுத்தும் தன்மைப் பன்மையும் உளப்படுத்தாததும் தனித்தனிச் சொற்களால் குறிக்கப்படுகின்றன. இந்தியிலும் இக்காலக் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் அவ்வேறுபாடு இல்லை. இதனை வரையறையாகக் கற்பித்தால் மாணவர் தேர்வில் எழுதுவர், பேச்சில் மறப்பர்.

இருவர் உரையாடலில் ஒருத்தி, ‘நாளைக்கு நாங்க நாலு பேர் சினிமாவுக்குப் போறோம்’ என்கிறாள். மற்றொரு பதிவில், ‘நாளைக்கு நாம நாலு பேரும் சினிமாவுக்குப் போறோம்’ என்கிறாள். கேட்டுக்கொண்டிருப்பவருக்கு நுழைவுச்சீட்டு வாங்க வேண்டுமா, வேண்டாவா என்பதே மாணவருக்கு வினா. இது காரண இடைவெளிப் பணி. விடை ஒரு சொல்லைச் சார்ந்து நிற்கிறது. தவறினால் ஒருவர் வாயிலில் நிற்க நேரும் என்பது வகுப்பில் சிரிப்பையும் தெளிவையும் ஒருங்கே தரும்.

4.5. தொடரடைவு

ஒரு சொல் வரும் தொடர்களையெல்லாம் அச்சொல் நடுவே நிற்குமாறு அடுக்கித் தருவது தொடரடைவு. இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் டிம் ஜான்ஸ், 1980களின் பிற்பகுதியிலும் 1990களின் தொடக்கத்திலும், இதனை மாணவர் கையிலேயே கொடுத்து விதிகளைக் கண்டறியச் செய்தார். இந்திய மொழிகளுக்கான தொழில்நுட்ப வளர்ச்சித் திட்டத்தின்கீழ் 1990களில் மைசூர் நிறுவனத்தில் ஏறத்தாழ 30 லட்சம் சொற்கள் கொண்ட தமிழ்த் தரவகம் உருவாக்கப்பட்டது. வகுப்பறைக்கு இத்தகைய தரவின் சிறு பகுதியே போதுமானது.

‘விடு’ என்னும் வினையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ‘கையை விடு’ என்பதில் அது முதல்வினை. ‘பேருந்து போய்விட்டது’, ‘பால் பொங்கிவிட்டது’, ‘மருந்தைக் குடித்துவிடு’ என்பவற்றில் துணைவினை. இருபது தொடர்களைத் தந்து இவற்றைப் பிரிக்கச் சொன்னால், வினையெச்சத்தை அடுத்து வருதல் என்னும் அடையாளத்தை மாணவர் கண்டறிவர். துணைவினை தரும் பொருளையும் தத்தம் தாய்மொழி வினைகளோடு ஒப்பிட்டுப் பேசுவர்.

தமிழின் ஒட்டுநிலை அமைப்பால் இங்குச் சிக்கல் ஒன்று உண்டு. ‘விடு’ எனத் தேடினால் ‘விட்டது’, ‘விட்டான்’ ஆகியன கிடைப்பதில்லை. ‘விட’ எனத் தேடினால் ‘அதைவிட’ என்னும் ஒப்பீட்டு வடிவமும் வந்து சேரும். உருபனியல் பகுப்பி இணைந்த தேடல் வசதியே நிறைவான தீர்வு. அது கிடைக்காதபோது ஆசிரியர் முன்கூட்டியே தேர்ந்த தொடர்களைத் தாளில் எழுதித் தருவதே போதும். தொடரடைவின் பயன் திரையில் இல்லை. அடுக்கிய சான்றுகளிலிருந்து விதியை உய்த்துணர்வதில் உள்ளது.

5. மொழிபெயர்ப்பு வகுப்பில் பொறி

நரம்புப் பிணைய முறையிலான கூகுள் மொழிபெயர்ப்பு 2017இல் தமிழுக்கு வந்தது. அதன்பின் பொறி தரும் மொழிபெயர்ப்பின் சரளம் பெரிதும் உயர்ந்துள்ளது. மொழிபெயர்ப்பு பயிலும் மாணவர் அதனைப் பயன்படுத்தாமல் தடுப்பது நடைமுறையில் இயலாது. தடுப்பதைவிட, அதனையே செயற்பணியின் பொருளாக்குவது நன்று.

4.2இல் கூறிய வரிசை இங்கும் பொருந்தும். மூலத்தைப் பொறியிடம் தருமுன், எங்கெங்கே அது தடுமாறும் என மாணவர் முன்கூட்டியே குறித்தல் வேண்டும். ஆங்கில மூலத்தில் தன்மைப் பன்மை வருமிடத்தில் ‘நாம்’ வருமா ‘நாங்கள்’ வருமா? முன்னிலை ஒருவராயின் ‘நீ’யா ‘நீங்கள்’ஆ? படர்க்கை ஆண்பாலுக்கு ‘அவன்’ஆ ‘அவர்’ஆ? மூன்று பத்திகளுக்கு முன் பேராசிரியர் என அறிமுகமானவர் இத்தொடரில் ‘அவன்’ ஆகிவிடுகிறாரா? இவற்றைக் குறித்த பின் பொறியின் விடையைப் பார்த்து, தம் கணிப்பு எவ்வளவு சரி என ஒப்பிடலாம். மூலமொழியில் சொல்லப்படாத, ஆனால் இலக்குமொழி சொல்லியே தீர வேண்டிய கூறுகள் எவை என்பது மொழிபெயர்ப்பியலின் அடிப்படை வினா. சரளமான தொடரில் மறைந்து நிற்கும் பிழையைக் காணும் கண் இப்பயிற்சியால் கூர்மையடைகிறது. அப்பிழை மருத்துவக் குறிப்பிலோ நீதிமன்ற ஆவணத்திலோ நிகழும்போது அதன் விளைவைச் சுமப்பவர் பொறியல்லர், படிப்பவரே. ஆகையால் இப்பயிற்சி வெறும் வகுப்பறை விளையாட்டன்று.

6. வசதி குறைந்த வகுப்பு

மேற்கூறிய பணிகளுக்குப் பயிற்சிக்கூடமோ மாணவருக்கொரு கணிப்பொறியோ தேவையில்லை. ஆசிரியரிடம் ஒரு கைப்பேசி, ஓர் ஒலிபெருக்கி, கரும்பலகை ஆகியன இருந்தால் பெரும்பாலானவற்றை நடத்தலாம். ஒலிப்பதிவை இருமுறை ஒலிக்கச் செய்து, மாணவர் தம் விடையைத் தாளில் எழுதி, அருகிருப்பவருடன் ஒப்பிட்டு, வேறுபட்டால் மூன்றாம் முறை கேட்கலாம். இணைய இணைப்பு இல்லாத ஊரிலும் இது நடைபெறும்.

எனினும் இரண்டு தடைகளைக் கருத வேண்டும். ஒன்று, ஆயத்தச் சுமை. இரு பொருளுக்கும் இடந்தரும் தொடர்களைத் தேர்ந்து, உரிய குரல்களில் பதிவு செய்து, படத்தாள் வரைவதற்கு ஆகும் நேரம், பணியை வகுப்பில் நடத்தும் நேரத்தைவிடப் பன்மடங்கு. தனியொரு ஆசிரியர் மீது இதனைச் சுமத்துவது முறையன்று. பயிற்சி நிறுவனங்கள் ஒலிப்பதிவுகளை மட்டும் வெளியிடாமல், ஒவ்வொரு பதிவுக்கும் உரிய செயற்பணி, எதிர்பார்க்கப்படும் விடை, எம்மொழி பேசும் மாணவருக்கு உரியது என்னும் குறிப்பு ஆகியவற்றுடன் தொகுத்து வழங்குதல் வேண்டும்.

மற்றொன்று, தேர்வு. ஆண்டிறுதித் தேர்வு எழுத்து வழக்கையும் இலக்கண வரையறையையும் மட்டுமே வினவுமாயின், கேட்டலும் உய்த்துணர்தலும் நாளடைவில் வகுப்பிலிருந்து மறைந்துவிடும். மாணவரும் ஆசிரியரும் தேர்வு எதை மதிக்கிறதோ அதையே மதிப்பர். ஒலிப்பதிவைக் கேட்டு விடையளிக்கும் ஒரு பகுதியேனும் தேர்வில் இடம்பெறும்வரை, எப்புதிய முறையும் பயிற்சிக் காலத்தோடு முடிந்துவிடும்.

7. முடிவுரை

மொழிப் பயிற்சிக்கூடத்தின் வரலாறும் பெங்களூர்த் திட்டத்தின் வரலாறும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன. முன்னது, பொருள் தேவைப்படாத பயிற்சியைக் கருவியால் உயிர்ப்பிக்க இயலாது என்பதைக் காட்டிற்று. பின்னது, தீர்க்கத்தக்க சிக்கல் ஒன்று முன்னிருப்பின் கருவியின்றியும் மாணவர் ஈடுபடுவர் என்பதைக் காட்டிற்று. இவ்விரண்டையும் இணைத்துப் பார்க்கும்போது, கருவியைத் தேர்ந்த பின் அதற்கு ஒரு பயன் தேடும் வழக்கத்தை மாற்றி, மொழிக்கூறு, அதனை வேண்டி நிற்கும் பணி, அப்பணிக்கு உதவும் கருவி என்னும் வரிசையில் பாடம் வகுப்பதே பொருத்தமானது எனத் தெரிகிறது. இவ்வரிசையின் முதற்படி மொழியியலாருடையது. எந்த வேறுபாடு யாருக்குக் கடினம், அது செவிக்குரியதா எழுத்துக்குரியதா, எத்தொடரில் அது பொருளை மாற்றும் என்பவற்றை அவர்கள் தெளிவுபடுத்தித் தந்தால், தொலைவிலுள்ள பள்ளிக்குத் திரும்பும் ஆசிரியர் பூட்டிவைக்க வேண்டிய கருவிக்கு மாறாக, நாளை காலை வகுப்பில் பயன்படுத்தத்தக்க பணியைத் தம்முடன் எடுத்துச் செல்வார்.